கயிறு அறும் முன்னே கிளீட் பிடுங்கினால்?

ஜெர்மனியின் டஸ்ஸல்டார்ஃப் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் பெரிய படகுக் கண்காட்சி நடக்கிறது. சிறிய பாய்மரப் படகு வாங்க வருபவர்கள் பாய்த்துணியைத் தடவிப் பார்ப்பார்கள். ஜிபிஎஸ் திரையைத் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே இறங்கி மெத்தையில் படுத்தும் பார்த்துவிடுவார்கள். படகின் முன்முனையான அணியத்தில் கயிறு கட்டுவதற்கென்று பொருத்தியிருக்கும் கிளீட்டைச் சீந்துபவர் அரிது. இருபுறமும் கொம்பு நீட்டிய அந்த உலோகத் துண்டு பளபளவென்று இருந்துவிட்டால் சரி. அது தளத்தை எப்படிப் பிடித்திருக்கிறது, அடியில் என்ன இருக்கிறது என்ற பேச்சே எழுவதில்லை.

எழ வேண்டும். சொந்தப் படகு வைத்திருப்பவர்களில் பலர் விடுமுறை நாளில்தான் கடலுக்குப் போகிறார்கள். மற்ற நாளெல்லாம் படகு ஆளில்லாமல் ஜெட்டியிலோ மிதவையிலோ கட்டிக் கிடக்கிறது. புயலடிக்கும்போது அங்கே பாயும் உதவாது, இயந்திரமும் உதவாது. கயிறும் அது பிடித்திருக்கும் இடமும்தான் படகைக் காப்பாற்ற வேண்டும். அந்த இடத்தைப் பலப்படுத்தும் பொறுப்பைப் படகு கட்டுபவரும் வாங்குபவரும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

எவ்வளவு இழுவை வரும்? அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் என்ற தரநிர்ணய அமைப்பு, நங்கூரமிட்டு நிற்கும் படகுகளுக்கு ஓர் அட்டவணையே வைத்திருக்கிறது. அதன்படி 30 அடிப் படகுக்கு 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்றில் 175 பவுண்டு, அதாவது 80 கிலோ. 30 நாட் காற்றில் 700 பவுண்டு. 42 நாட்டில் 1,400 பவுண்டு, சுமார் 635 கிலோ. காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும் என்பதால், 64 நாட்டில் தொடங்கும் கடும் புயலுக்கு இதே கணக்கை நீட்டினால் ஒன்றரை டன்னை நெருங்கிவிடுகிறது. காற்றில் படகு இப்படியும் அப்படியும் திரும்பும்போது இந்தப் பாரம் முழுவதும் சில நொடிகளுக்கு ஒரே கிளீட்டின்மேல் விழும்.

புதிய 12 மி.மீ. முறுக்கு நைலான் கயிறு அறுவதற்கு ஏறத்தாழ மூன்று டன் இழுவை வேண்டும். ஆனால் விலை குறைந்த சிறு படகுகள் சிலவற்றில் கிளீட்டை நான்கு மரை ஆணிகளால் தளத்தில் முறுக்கி நிறுத்தியிருப்பார்கள். வேறு சிலவற்றில் போல்ட் இருக்கும். அடியில் ஓர் அகல வாஷரோடு வேலை முடிந்திருக்கும். ஊஞ்சலை உத்தரத்தில் மாட்டாமல் ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டிய கதைதான். கயிறு அறுந்தால் போவது ஒரு கயிறு. கிளீட் பிடுங்கிக்கொண்டால் தளத்தில் ஓட்டை விழுகிறது. இழுபட்டு நீண்டிருந்த நைலான் சுருங்கும் வேகத்தில் அந்த உலோகத் துண்டு எதிரில் நிற்பவர்மேல் பாய்கிறது. எனவே முதலில் அறுவது கயிறாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தளம்.

பழைய மரப் படகுகளில் இந்தத் தலைகீழ் நிலை கிடையாது. கயிறு கட்டும் கட்டை தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி, படகின் முதுகெலும்பான அடிமரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இழுவை படகின் உடல் முழுவதற்கும் பரவும். 1960-களில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபோது அந்தக் கட்டை போய், கிளீட் அந்த இடத்துக்கு வந்தது. தளமோ இரண்டு மெல்லிய கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்த அடுக்காகிவிட்டது. மிதித்து நடக்க அது உறுதியானது. ஒரே புள்ளியில் பிடித்து இழுத்தால் தாங்காது.

கிளீட்டின் வடிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் படகு கட்டிய நத்தானியல் ஹெரஷாஃப், 1893 முதல் 1920 வரை அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டியில் வென்ற படகுகளை வடிவமைத்தவர். அவர் பெயரைத் தாங்கிய கிளீட் இன்றும் கடைகளில் விற்கிறது. இரண்டு கால்கள், நான்கு போல்ட்டுகள், கால்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. கயிற்றின் கண்ணியை அந்த இடைவெளி வழியே நுழைத்துக் கொம்புகளில் மாட்டினால் படகு எவ்வளவு குலுங்கினாலும் கழன்றுவராது. அளவுக்கும் எளிய கணக்கு உண்டு. கயிற்றின் விட்டத்தில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக்கு, கிளீட்டின் நீளம் ஓர் அங்குலம். அரை அங்குலக் கயிறு என்றால் 8 அங்குலக் கிளீட். அதில் இரண்டு கயிறு கட்ட வேண்டியிருந்தால் இன்னும் ஒரு சுற்றுப் பெரியது.

ஆகவே பணமும் நேரமும் போக வேண்டியது அடிப்பக்கத்துக்கு. கவனமாக வேலை செய்பவர் போல்ட்டின் அளவுக்கே துளை போட்டு முறுக்கிவிடுவதில்லை. முதலில் பெரிய துளை போட்டு, ஓரத்திலுள்ள பால்சாவைச் சுரண்டி எடுத்து, அந்தக் குழியை எபாக்சியால் நிரப்புகிறார். அது கல்லாக இறுகிய பிறகு நடுவே சரியான துளை போடுகிறார். இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தை எட்டாது. போல்ட்டை இறுக்கினாலும் தளம் நசுங்காது. துளையின் மேல்விளிம்பைச் சற்றே சரித்துவிட்டு, போல்ட்டின் கழுத்தில் கசிவைத் தடுக்கும் பியூட்டைல் டேப்பைச் சுற்றி இறக்குகிறார். மேலிருந்து ஒருவர் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள, அடியிலிருந்து இன்னொருவர் நட்டை மட்டும் திருப்புகிறார். போல்ட் சுழன்றால் அந்த டேப் முறுக்கிக்கொண்டு கசிவுக்கு வழிவிடும். நட்டுக்கும் தளத்துக்கும் நடுவே, கிளீட்டைவிட அகலமான அலுமினியத் தகடோ தடித்த கண்ணாடியிழைத் தகடோ இருக்கும். இழுவையை நாலாபக்கமும் பரப்புவது அதுதான்.

உலோகத்திலும் ஏமாறுவதற்கு இடமுண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயரை நம்பி 304 ரகத்தை வாங்கிவிடுகிறார்கள். உப்புநீருக்கு 316 ரகமே பொருத்தம். அதுவும் ஈரமான துளைக்குள் காற்றுப் படாமல் கிடந்தால் அரிக்கும். வெளியே தலை மின்னிக்கொண்டிருக்க, உள்ளே தண்டு பாதியாகத் தேய்ந்திருக்கும். அலுமினியக் கிளீட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போட்டால், இரண்டும் உப்புநீரில் சேரும்போது அரிபடுவது அலுமினியம்.

கிளீட் அசையாமல் நின்றாலும் கயிறு படகின் விளிம்பில் உராய்ந்து அறுந்துபோகலாம். நைலான் நன்றாக நீள்வதால்தான் அலையின் வெட்டிழுப்பைத் தாங்குகிறது. அதே குணத்தால் விளிம்பின்மேல் ஓயாமல் முன்னும் பின்னும் ஓடி, உரசலில் சூடேறிப் பலமிழக்கிறது. எனவே கயிறு விளிம்பைத் தொடும் இடத்தில் வழவழப்பான வழிகாட்டி வேண்டும், கயிற்றுக்குத் தோலோ கித்தானோ உறையாக வேண்டும். கிளீட்டையும் கயிறு இழுக்கும் திசையோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்படி வைக்க வேண்டும். போல்ட் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் அளவுக்கு, மேல்நோக்கிப் பிடுங்கும் இழுப்பைத் தளம் தாங்குவதில்லை.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு உல்லாசப் படகு விதிமுறை, நங்கூரமிடவும் கட்டவும் இழுத்துச் செல்லவும் வரும் பாரத்தைத் தாங்கும் உறுதியான பிடிப்புகள் ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கென்றே ஐஎஸ்ஓ 15084 என்ற தரமும் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. நட்டும் தகடும் உட்கூரைக்கு மேலே ஒட்டி மூடப்பட்டிருக்கும். தகடு வைத்தால் எடை கூடும், உட்கூரையில் திறந்து பார்க்க ஒரு மூடி வைத்தால் அழகு கெடும் என்பது கட்டுபவர்கள் தரப்பு. ஒரு தகட்டின் எடை சில நூறு கிராம். அடியில் கசியும் போல்ட்டைப் பார்க்க முடியாததால் பால்சா உளுத்துப்போய், தளத்தையே அறுத்துத் திருத்த ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்த வாதம் நிற்பதில்லை.

தமிழகத்துக்கு இது அந்நிய விஷயமல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, மல்லிப்பட்டினம் உள்ளிட்ட இடங்களில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன. அவை உல்லாசப் பாய்மரப் படகுகள் அல்ல, உழைப்பாளிகளின் மீன்பிடிப் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியிருக்கின்றன. அவற்றுக்கும் காற்றின் கணக்கு அதேதான். படகின் நீளம், இயந்திரத்தின் திறன் ஆகியவற்றோடு அணியத்திலும் பின்முனையான அமரத்திலும் உள்ள பிடிப்பு எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் எழுதித் தரும்படி படகு கட்டும் தளங்களை மீன்வளத் துறை கேட்கலாம்.

பாய்மரப் படகு கட்டும் நிறுவனங்கள் இரண்டு காரியம் செய்தால் போதும். ஒவ்வொரு கிளீட்டுக்கும் அடியில் கைநுழையும் அளவுக்குத் திறக்கும் மூடி, கையேட்டில் அது தாங்கும் பாரம். அதுவரை பழைய படகு வாங்குபவர், விலை பேசும் முன் உட்கூரையைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட மறுத்தால், நான்கு கிளீட்டையும் கழற்றி எபாக்சியும் தகடும் வைத்துத் திரும்பப் பொருத்தும் கூலியைக் கேட்ட விலையில் கழித்துக்கொள்வது நியாயம்.