‘பரவிவிட்டது’ என்றால் எங்கே?

புற்றுநோய் “பரவிவிட்டது” என்ற சொல்லோடு மலையகத் தோட்ட லயத்துக்குத் திரும்பும் குடும்பம், எங்கே பரவியது என்று கேட்பது அரிது. மலக்குடலில் தோன்றிய கட்டி இரத்தத்தோடு போய் நுரையீரலில் முளைப்பது ஒன்று. சுவர் தாண்டிப் பக்கத்துச் சிறுநீர்ப்பையிலோ கருப்பையிலோ ஒட்டிக்கொள்வது வேறொன்று. இரண்டாவது, எவ்வளவு பெரிதானாலும் இன்னும் ஓரிடத்து நோய்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதால், குணமாகக்கூடிய சிலரையும் கைவிடுகிறோம் என்பதே என் வாதம்.

இப்படி ஒட்டிக்கொண்ட கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சையின் விதி எளிது, செய்வதுதான் கடினம். ஒட்டியிருக்கும் உறுப்பைக் கட்டியிலிருந்து உரித்தெடுக்கக் கூடாது. சேர்த்து ஒரே துண்டாக அகற்ற வேண்டும். ஒட்டுதல்களில் ஏறத்தாழப் பாதி வெறும் அழற்சிதான் என்று பின்னர் நுண்ணோக்கியில் தெரியவரும். ஆனால் மேசையில் நிற்கும் வைத்தியரின் விரலுக்கு அது தெரியாது. உரிக்கும்போது புற்றணுக்கள் சிந்தினால் நோய் அதே இடத்தில் திரும்பும். வெட்டிய விளிம்புகள் புற்றணு இன்றிச் சுத்தமாக வந்தால் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் பலர். இடுப்பு உறுப்புகளை மொத்தமாக அகற்றும் முறையை அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் 1948இல் நியூயோர்க்கிலிருந்து அறிவித்தபோது, முதல் 22 பேரில் 5 பேர் சிகிச்சையிலேயே இறந்தார்கள். இன்று அனுபவமிக்க நிலையங்களில் அந்த இழப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழ். மலக்குடல் கட்டியென்றால் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து முதலில் சுருக்கவும் முடிகிறது.

ஹட்டனில் இதையெல்லாம் யார் செய்வது என்று கேட்பார்கள். யாரும் செய்ய வேண்டாம். குடல் அடைபட்டு வருபவருக்கு, டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ வயிற்றில் மலவழி ஒன்றைத் திறந்துவிட்டு, கட்டியைத் தொடாமல் கண்டிக்கோ மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அனுப்பினால் போதும். அரைகுறையாக வெட்டப்பட்ட கட்டிக்கு இரண்டாம் வாய்ப்பு மிகக் குறைவு. இந்தச் சிகிச்சைக்கு ஆகும் பணத்தை, நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்குச் செலவிடலாமே என்பது வலுவான மறுப்பு. இரத்தம் போவதை மூலம் என்று மாதக்கணக்கில் கைமருந்தில் கடத்தும் ஊரில் அதை மறுக்க முடியாது. ஆனால் நாளை தொடங்கும் பரிசோதனை, இன்று முற்றிய நோயோடு வந்து நிற்பவருக்கு உதவாது.

எனக்கு உறைப்பது மூன்றாவது மறுப்பு: பிழைத்தாலும் எப்படி வாழ்வது? நோயும் முதுமையும் மிகுந்த உடலுக்கு இந்தச் சிகிச்சை கொடுமையாகலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஆனால் அவர் மறுப்பது சத்திரசிகிச்சையையா, அதற்குப் பிந்திய லய வாழ்க்கையையா? அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பஸ் காசும், வேலைக்குப் போகாமல் இழந்த ‘பேரும்’ (நாட்சம்பளமும்) இலவசமல்ல. வயிற்றில் ஒட்டிய பையை நாளுக்குப் பல தடவை காலிசெய்து கழுவ வேண்டும். மழையில் நனைந்து பொதுக் கழிப்பறைக்கு நடக்கும் ஒருவரிடம் சம்மதக் கையெழுத்து கேட்பதற்கு முன், அவர் காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் கழிப்பறையும், டிக்கோயா வைத்தியசாலையில் தட்டாமல் கிடைக்கும் பைகளும் இருக்க வேண்டும்.