தில்லி நர்சரிச் சேர்க்கை: சட்டப் பாதுகாப்பு மூன்று வயதிலேயே தொடங்க வேண்டும்

நிலைப்பாடு

தில்லியில் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் யார் படிப்பார்கள் என்பது முதலாம் வகுப்பில் அன்றி, மூன்று வயதுக் குழந்தைகள் சேரும் நர்சரியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எனவே, குழந்தைகளைத் தரம்பிரித்துத் தேர்ந்தெடுப்பதற்குச் சட்டம் விதித்துள்ள தடை நர்சரிக்கும் பொருந்த வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நிலைப்பாடு.

சட்டம் இன்று உள்ள நிலை

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குலுக்கல் போன்ற சார்பற்ற முறை தவிர வேறு எவ்வழியிலும் ஒரு குழந்தையைவிட மற்றொரு குழந்தைக்கு முன்னுரிமை அளிப்பதை 'வடிகட்டல் முறை' எனக் கருதித் தடைசெய்வதோடு, முதல்முறை மீறுவோருக்கு 25,000 ரூபாய் வரையிலும் அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கிறது. ஆனால் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோரையே குழந்தை என வரையறுப்பதால், அத்தடை நர்சரிக்குப் பொருந்தாது என 2013 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே சட்டத்தின் 12ஆம் பிரிவோ, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கும் பின்தங்கிய பிரிவினருக்குமான 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டை நர்சரியிலிருந்தே நடைமுறைப்படுத்துகிறது. இதனால் ஒரே வகுப்பின் கால் பங்கு இடங்களைத் தில்லி அரசின் கல்வி இயக்ககம் கணினிக் குலுக்கலில் நிரப்ப, எஞ்சிய இடங்களைப் பள்ளிகள் தாமே வகுக்கும் புள்ளிமுறையில் நிரப்புகின்றன. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தொலைவு, அதே பள்ளியில் உடன்பிறப்பு பயில்வது, பெற்றோர் அங்கு முன்பு பயின்றிருப்பது முதலியவற்றுக்கு மதிப்பெண் தந்து, மொத்தத்தின்படி வரிசைப்படுத்துவதே புள்ளிமுறை.

இம்முறையை ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் நிலைபெறவில்லை. 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் பிறப்பித்த ஆணை அருகாமைக்கு 70 புள்ளிகளும் உடன்பிறப்புக்கு 20 புள்ளிகளும் வழங்கி, பள்ளி நிர்வாகம் தன் விருப்பப்படி நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டையும் நீக்கியது. அதனை 2014 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பெற்றோரின் புகைப்பழக்கம், உணவுப்பழக்கம் உள்ளிட்ட 62 அளவுகோல்களை 2016 ஜனவரியில் தில்லி அரசு நீக்கியபோது, அவற்றுள் 11ஐயும் நிர்வாக ஒதுக்கீட்டையும் பொறுத்தவரை அடுத்த மாதமே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பள்ளிகளின் வாதமும் மறுமொழியும்

அரசு நிதியின்றி இயங்கும் பள்ளிக்குத் தன் மாணவரைத் தேர்வதில் தன்னாட்சி உண்டு என்பதும், பெற்றோரின் தெரிவு உரிமையை அருகாமை விதி குறுக்குகிறது என்பதும் பள்ளிகள் தரப்பின் வாதங்கள். பாடமுறை, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் தன்னாட்சி தேவை என்பதை இவ்வமைப்பு ஏற்கிறது. ஆயினும் மூன்று வயதுக் குழந்தையிடம் அளந்தறியத்தக்க தகுதி எதுவும் இல்லாதபோது, புள்ளிகள் அளப்பது குடும்பத்தையே ஆகும். முன்னாள் மாணவர் என்ற அளவுகோல், தமிழ்நாடு முதலிய மாநிலங்களிலிருந்து பணி நிமித்தம் தில்லிக்கு வரும் பெற்றோரால் எவ்வகையிலும் ஈட்ட முடியாத புள்ளியாகும். கால் பங்கு இடங்களைக் குலுக்கலில் நிரப்பியும் பள்ளிகள் தடையின்றி இயங்குவதால், குலுக்கல் கல்வித்தரத்துக்கு ஊறு என்ற அச்சத்துக்கும் வலுவில்லை.

கோரிக்கைகள்

1. நர்சரியில் வடிகட்டலைத் தடைசெய்யும் நோக்கில் தில்லிச் சட்டமன்றம் 2015இல் நிறைவேற்றிய திருத்த மசோதா, ஒப்புதல் கிடைக்காமையால் நடைமுறைக்கு வரவில்லை. அதன் நோக்கத்தை நிறைவேற்றப் புதிய சட்டம் இயற்றப்பட வேண்டும்.

2. அதுவரை, பள்ளிகள் தாமாகவே தொலைவு, உடன்பிறப்பு ஆகிய இரண்டை மட்டும் கணக்கில் கொண்டு, சமநிலையில் உள்ளோரிடையே பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடத்த வேண்டும்.

3. தொலைவு சாலைவழியே அளக்கப்படுகிறதா நேர்க்கோட்டிலா என்பதையும், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எந்த அளவுகோலுக்கு எத்தனை புள்ளி என்பதையும் பள்ளி வெளியிட வேண்டும்.

4. பதிவுக் கட்டணம் 25 ரூபாய் மட்டுமே, விவரக் கையேட்டை வாங்குவது கட்டாயமன்று என்னும் விதிகளைக் கல்வி இயக்ககம் இந்தி, ஆங்கிலத்தோடு நகரில் வழங்கும் பிற மொழிகளிலும் அறிவிக்க வேண்டும்.

விதியைப் புரிந்துகொள்ள இடைத்தரகரின் உதவி தேவைப்படும் சேர்க்கைமுறையில், வசதியும் தொடர்புகளும் உள்ள குடும்பமே முந்துகிறது. ஆகவே, பின்னிரண்டு கோரிக்கைகளுக்குச் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திராமல், அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை அறிவிக்கையிலேயே அவற்றைக் கல்வி இயக்ககம் சேர்க்க வேண்டும் என இவ்வமைப்பு வலியுறுத்துகிறது.