மகன் கேட்கும் பந்தய பைக்: வாங்கிக் கொடுக்கலாமா?

பையன் பிளஸ் டூ தேறிவிட்டான். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. உடனே வீட்டில் ஒரு பேச்சு தொடங்குகிறது.

"அப்பா, எனக்கு பைக் வேணும்!"

எந்த பைக்? பால்காரர் ஓட்டுகிறாரே, அது வேண்டாமாம். அப்பாவின் ஸ்கூட்டரும் வேண்டாமாம். முன்னால் குனிந்து, படுத்தபடி ஓட்டுகிறார்களே, அந்தப் பந்தய பைக்தான் வேண்டுமாம்.

தாய், "வேண்டவே வேண்டாம்" என்கிறாள். தகப்பனார் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவது இல்லை.

யார் பக்கம் நியாயம்? மூவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது.

ஒரேயடியாக "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், பையன் பைக் ஓட்டாமல் இருந்துவிடுவானா? நண்பனுடைய பைக்கை வாங்கி ஓட்டுவான். அது அவன் கைக்குப் பழகாத வண்டி. தலைக்கவசமும் இரவல், அல்லது அதுவும் இருக்காது. வீட்டுக்குத் தெரியாமல் ஓட்டும் வண்டியைவிட, வீட்டார் பார்த்து வாங்கிக் கொடுக்கும் வண்டி எவ்வளவோ மேல்.

ஆனால் எந்த வண்டி? அதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டம் தடுக்காது

இங்கிலாந்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா?

17 வயதுப் பையனுக்கு 125 சி.சி. வண்டி வரைதான் லைசென்சு. அதன் சக்தி 11 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. அதாவது ஏறக்குறைய 15 குதிரை சக்தி. 19 வயதில் 35 கிலோவாட் வரை போகலாம். அந்த லைசென்சுடன் 2 ஆண்டு கழிந்தால், 21 வயதில் பெரிய வண்டிக்குத் தேர்வு கொடுக்கலாம். நேரடியாகப் பெரிய வண்டிக்குப் போக நினைப்பவர் 24 வயது வரை காத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்தப் படிகள் இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவர் கியர் வண்டிக்கு லைசென்சு பெறலாம். பையன் 100 சி.சி. வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டுகிறான், லைசென்சு வாங்குகிறான். அதே லைசென்சுடன் 1000 சி.சி. வண்டியிலும் ஏறலாம்! யாரும் கேட்க முடியாது.

ஆகவே, அந்தப் படிக்கட்டை வீட்டில்தான் கட்ட வேண்டும்.

18 நிறையாத பையன் என்றால் மட்டும் சட்டம் மிகவும் கடுமையானது. 2019-ல் திருத்தம் கொண்டு வந்தார்கள். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம். 3 ஆண்டு வரை சிறை. பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

8 எங்கே, 43 எங்கே?

பையன்கள் பார்ப்பது நிறத்தை. பெற்றோர் பார்ப்பது விலையை. சக்தியையும் எடையையும் யாரும் பார்ப்பது இல்லை.

சாதாரண 100 சி.சி. வண்டிக்குச் சுமார் 8 குதிரை சக்தி. யமாஹா ஆர்-15 என்ற வண்டி 2008-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பிறகு வந்த அதன் 155 சி.சி. வண்டிக்குச் சுமார் 18 குதிரை சக்தி. எடை ஏறக்குறைய 140 கிலோ. சுசூகி ஜிக்ஸர் எஸ்.எப். 155 சி.சி. வண்டிக்கு 14-க்கும் குறைவு. கே.டி.எம். ஆர்.சி. 390 வண்டிக்கோ சுமார் 43!

தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஏறி உட்கார்ந்து கையை முறுக்கினால்தான் வித்தியாசம் தெரியும்.

புதிதாக ஓட்டுகிறவன், பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது தன்னை அறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவது உண்டு. 14 குதிரை வண்டி என்றால் சற்றுத் திமிறும், சமாளித்துக்கொள்ளலாம். 43 குதிரை வண்டி, முன்னே போகும் பஸ்ஸுக்கு அடியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. ஆட்டோ குறுக்கே திரும்புவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு வினாடி ஆகிவிடும். பிரேக்கு அதற்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக்கு பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். விற்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வது இல்லை!

முதல் வண்டி 150 சி.சி.யை ஒட்டி இருந்தால் போதும். ஆசைக்கு அழகும் இருக்கும். அம்மாவுக்குத் தூக்கமும் வரும்.

ஏ.பி.எஸ். என்ற பிரேக்கு அமைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அவசரத்தில் இறுக்கிப் பிடித்தாலும், சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்கிவிடாதபடி அது காக்கும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் இருந்து இது கட்டாயம். பழைய வண்டி வாங்குகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். சில வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் இருப்பது நல்லது.

அம்மா எங்கே உட்காருவாள்?

"உன்னைக் கோவிலுக்குக் கூட்டிப் போறேம்மா" என்று பையன் சொல்லுவான். அதை நம்ப வேண்டாம்!

இந்த வண்டிகளில் பின் ஆசனம் ஏணியின் மேல்படி மாதிரி இருக்கும். அகலமும் குறைவு. புடவை கட்டிய பெண் அதில் ஒரு பக்கமாக உட்காருவது அபாயம்.

வீட்டுக்கே ஒரே வண்டிதான் என்றால், பந்தய பைக் வேண்டாம். ஜிக்ஸர் எஸ்.எப். வண்டிக்கும், பக்க மூடி இல்லாத ஜிக்ஸருக்கும் என்ஜின் ஒன்றுதான். மூடி இல்லாத வண்டியில் நிமிர்ந்து உட்காரலாம், மணிக்கட்டு வலிக்காது. இன்னொரு லாபமும் உண்டு. பழகுகிறவன் வண்டியை நின்ற இடத்திலேயே ஒருமுறையாவது சாய்த்துவிடுவான். மூடி இருந்தால் அது உடையும். மூடி இல்லாத வண்டியில் அந்தச் செலவு இல்லை.

கடைக்குப் போகும்போது பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடக்கூடாது. முகத்தையும் மூடும் ஐ.எஸ்.ஐ. முத்திரைத் தலைக்கவசம், கையுறை, கணுக்கால் மறைக்கும் காலணி ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்க வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் தலைக்கவசம் வேண்டும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

வேகமாக ஓட்டித்தான் தீரவேண்டும் என்கிற பையனுக்கும் இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்திலும் ஒன்று உண்டு. தேசியப் போட்டிகளில் 165 சி.சி. வண்டிகளுக்குத் தனிப் பிரிவே நடந்திருக்கிறது. அந்த வீரர்கள் உடல் முழுவதும் தோல் உடை அணிந்துதான் பாதையில் இறங்குகிறார்கள். அங்கே எதிரே லாரி வராது. குறுக்கே மாடும் வராது.