பசு ஏறிற்று; பிளான் ஏறவில்லை!

சாரத்தில் மாடிமேல் மாடி கட்டி வாடகைக்கு விடும் சில கனவான்கள், பூமி பூஜைக்குப் புரோகிதரைத் தேடினார்கள், பசுவைக்கூட மாடியேற்றினார்கள். நகர அமைப்புக் குழுமத்தில் அனுமதி வாங்க மாத்திரம் நேரமில்லை!

குடியிருப்பவன் அட்வான்சைத் திருப்பிக் கேட்டாலோ, "கட்டடமே அனுமதியற்றது, உனக்கேது பாத்தியதை?" என்கிறார்கள். மாதாமாதம் வாடகை வாங்கியபோது இந்த ஞானம் எங்கே போயிற்று? தன் குற்றத்தையே தனக்குச் சாசனமாக்கும் இப்பித்தலாட்டத்தை நாம் ஒப்பமாட்டோம்.

1969-ஆம் வருஷத்துப் புதுச்சேரி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், உத்தரவின்றிக் குடியிருப்பவனை வெளியேற்றக் கூடாதென்றது. வாடகைக்கு விட்ட கட்டடம் என்றுதான் அது பேசிற்று. சர்க்கார் இடிக்க வந்தாலும், பொது இடத்து ஆக்கிரமிப்பு நீங்கலாக, 15 நாள் நோட்டீஸ் வேண்டுமென்று 2024 நவம்பர் 13-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

தோழர்களே! ரசீதின்றி வாடகை கொடாதீர். குடிபோகுமுன் பிளான் உண்டாவென்று விசாரியுங்கள். பசு ஏறிற்றாவென்று அல்ல.