கடிதம் தந்த கை காசும் தரட்டும்

வறுமைக்கும் குளிருக்கும் ஆட்பட்டு மதுரையில் ஒடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர், தம் மனைவியிடம் நாரையைத் தூது விட்டார். செய்திதான் அனுப்பினார், பணம் அனுப்ப அவரிடம் இல்லை. இருந்திருப்பினும் நாரை என் செய்யும்? செய்தியையும் பணத்தையும் ஒரே கையால் கொண்டு சேர்த்தவர் அஞ்சற்காரரே. 1880இல் பணவிடையையும் 1882இல் சேமிப்பு வங்கியையும் ஏற்ற அஞ்சல் துறையின்கீழ், 2018 செப்டம்பரில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி நாடெங்கும் விரிந்தது. கடன் கொடுக்கும் உரிமை இவ்வங்கிக்கு இல்லை. வைப்புக்கும் 2 இலட்சம் ரூபாயே வரம்பு. ஆயினும், ஆதாருடன் இணைத்த கணக்கு வேறு வங்கியில் இருப்பினும், விரல்ரேகை பதித்து அஞ்சற்காரரிடமே பணம் பெறலாம். வட்டியை விலக்கி வாழும் இல்லத்தார்க்கும் சேமிப்பினும் இச்சேவையே பெரிதும் பயன்படும்.

சிற்றூர்க்கு இது தகும், தாம்பரத்திற்கு எதற்கு என்பார் உளர். ஜி.எஸ்.டி. சாலையில் நின்று பார்ப்போர் பேச்சு அது. அங்கு வங்கிகளுக்குக் குறைவில்லை. முடிச்சூரின் உள்தெருவில் தனித்து வாழும் மூதாட்டிக்கோ அச்சாலையே ஒரு வெளியூர். உதவித்தொகையில் ஒரு பங்கை ஆட்டோவுக்குக் கொடுத்தன்றோ அவர் மறுபங்கைப் பெறுகிறார்!

ஆயின், இங்கே ஓர் இடர்ப்பாடு. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் பதனிட்டவர், செங்கல் சுமந்தவர், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கியவர் ஆகியோரின் தேய்ந்த விரல்களைக் கருவி எளிதில் அறிவதில்லை. 'பொருந்தவில்லை' என்று அது காட்டும்போதெல்லாம், கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து மீண்டும் வைக்கிறார் அவ்விரலுக்குரியவர், தாமே ஏதோ பிழை செய்தவர்போல. உழைத்துத் தேய்ந்தது பிழையா? 2025 ஆகஸ்டில் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் முறையை இவ்வங்கி கொணர்ந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். அது தலைமை அஞ்சலகத்தோடு நின்றுவிடாது, ஒவ்வொரு தெருவிலும் செயற்பட வேண்டும்.

அதற்கு அஞ்சற்காரர்க்கு நேரம் வேண்டுமே! மேடவாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் ஏரிக்கரை வரை வீடுகள் எழுந்துவிட்டன, அடுக்ககங்களோ வானளாவுகின்றன. இத்தனை படிகளையும் ஏறி இறங்குபவரிடம் கணக்குத் திறப்பு, காப்பீடு என எண்ணிக்கை இலக்குகளையும் சுமத்தினால், திண்ணையில் அமர்ந்து ஒரு மூதாட்டிக்குப் பொறுமையாகப் பணம் எண்ணித்தர அவரால் இயலுமா? புறநகரின் பட்டுவாடா எல்லைகளை இன்றைய குடித்தொகைக்கேற்பப் பிரித்து, புதிய அஞ்சற்காரர்களை அமர்த்துவதே துறை முதலில் செய்யவேண்டிய பணி. புதிய சேவைகளின் விளம்பரப் பலகைகள் அதன்பின் எழட்டும்.