எவ்விளையாட்டு எஞ்சி நிற்கும்?

பழந்தமிழ் நூல்களுள் அழிந்தவை எவை, எஞ்சியவை எவை என்பதை உயர்தர வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசையிலிருந்து மாணவனொருவன் எழுந்தான். "சேர், எங்கட காலத்துக் கேம்களிலை எது நூறு வருசத்துக்குப் பிறகும் இருக்கும்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. யானும் நகைத்து, "ஒன்றும் இராது, நீ இரு" என்றேன். அவன் இருந்தான். மறுநாட் காலை என் மேசைமீது மடித்த தாளொன்று கிடந்தது. 9 விளையாட்டுகளின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அடியில், "விளையாடிப் பார்த்திட்டுச் சொல்லுங்கோ சேர்" என்றொரு வரி.

அவ்வரி என்னைச் சுட்டது. ஈராண்டின் முன்னர் நம் கல்லூரிக் கண்காட்சியிற் கணினி விளையாட்டுகளுக்கென ஓர் அறை ஒதுக்கித் தருமாறு மாணவர் வேண்டியபோது, ஆகாதென்று கையுயர்த்திய ஆசிரியருள் யானும் ஒருவன். அவற்றுள் ஒன்றையேனும் அதற்குமுன் யான் தொட்டதில்லை. படியாத நூலுக்கு மதிப்புரை எழுதுவோனை வகுப்பிலே கடிந்துகொள்ளும் யான், ஆடாத விளையாட்டுக்குத் தீர்ப்பு வழங்கியிருந்தேன். ஆதலால் மார்கழி விடுமுறை முழுவதும், அதன்பின் பல சனிக்கிழமைகளிலும், மருமகனின் கணினிமுன் அமர்ந்தேன். (அவன் பொறுமை பெரிது.) பட்டியலை முற்றாக முடித்தேனென்று கூறமாட்டேன், ஆயினும் நிற்பன எவை, நில்லாதன எவையென ஓரளவு கூறத் துணிகின்றேன்.

பழைய மாணவர் சிலர் இத்தலைப்பைக் கண்டு முகஞ் சுளிப்பர் என்பதை அறிவேன். பிள்ளைகளின் இரவுறக்கத்தைக் கவர்ந்து, அதிர்ஷ்டப் பெட்டியைத் திறவென்று ஆசைகாட்டிக் காசு பறிக்கும் கைத்தொலைபேசி விளையாட்டுகள்மீது அவர்கள் கொண்ட சினம் நேரியதே. அவை சூதின் உடன்பிறப்புகள். சூதைப்பற்றி நம் முன்னோர் கூறவேண்டியதைக் கூறிவிட்டனர். யான் பேச எடுத்தது வேறு வகை.

ஒரு விளையாட்டு நிலைபெறுவதற்கு வேண்டுவது யாது? 1984 இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்நோவ் என்பார் ஆக்கிய ரெற்றிஸ் என்பதை நோக்குக. நான்கு நான்கு சதுரங்களாலான 7 வடிவங்கள் மேலிருந்து விழுகின்றன. அவற்றை இடைவெளியின்றி அடுக்கவேண்டும். அவ்வளவே. நின்ரெண்டோ நிறுவனம் 1989 இல் வெளியிட்ட அதன் பதிப்பை, எவரும் சென்றிராத எல்லைவரை ஆடி, விளையாட்டே செயலற்று உறைந்து நிற்கும்படி செய்தவன் 13 வயது அமெரிக்கச் சிறுவன். அது நிகழ்ந்தது 2023 டிசெம்பரில். அவன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திய பொருளினுள், ஆக்கியோன் கருதாத ஓர் எல்லையை அவன் கண்டான். பழைய நூலுக்குப் புதிய உரை தோன்றுவது இவ்வாறுதான்.

படத்தின் அழகு இதற்குப் பெரிதும் துணை செய்வதன்று. மெய்ம்முகம்போலத் தோன்றும் முகம், மெய்ந்நீர்போல ஓடும் நீர் என்று ஆண்டுதோறும் விளம்பரஞ் செய்யப்படுவன ஐந்தாண்டில் மங்கிப்போகின்றன. அவற்றினும் மெய்போன்ற ஒன்று அடுத்து வந்துவிடுகின்றது. மாணவன் தாளின் தலையில் எழுதியிருந்தது, நின்ரெண்டோ 2017 மார்ச்சில் வெளியிட்ட 'செல்டா: பிறெத் ஒவ் தி வைல்ட்'. அதற்கான சுவிச் என்னும் பொறியை மருமகன் நண்பனொருவனிடம் இரவல் வாங்கிவந்தான். நிலக்காட்சி அழகியதே, யான் வியந்தது அதன் விதிகளை. புல்லில் தீ பற்றும். தீயிலிருந்து எழும் வெங்காற்று, துணிச்சிறகை விரித்தவனை மேலே தூக்கும். இடிமழையில் இரும்பு வாள் தாங்கியவன்மீது மின்னல் விழும். மழை பெய்யின் பாறை வழுக்கும். ஒருநாள் மழையிற் பாறையேற முயன்று மும்முறை வழுக்கி வீழ்ந்தபின், ஒதுக்கிடம் தேடித் தீ மூட்டி, மழை விடுமட்டும் காத்திருந்தேன். விளையாட்டொன்று என்னைக் காத்திருக்கச் செய்தது அதுவே முதன்முறை. இது நிற்கும்.

ஆயினும், தாளில் ஆறாவதாக நின்ற ஒன்றுக்கே யான் முதலிடம் தருவேன். லூக்காஸ் போப் என்பவர் ஏறத்தாழத் தனித்தே ஆக்கி 2018 இல் வெளியிட்ட 'றிற்றேண் ஒவ் தி ஒப்ரா டின்' அது. 1802 இல் இலண்டனிலிருந்து கீழைத்தேயம் நோக்கிப் புறப்பட்டுக் காணாமற்போன வணிகக் கப்பலொன்று, 1807 இல் ஆளின்றிப் பல்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகின்றது. கிழக்கிந்தியக் கம்பனியின் காப்புறுதி அலுவலராக நாம் அதில் ஏறுகின்றோம். கப்பலிற் சென்றோர் 60 பேர். ஒவ்வொருவரும் யார், எங்ஙனம் மாண்டார் அல்லது எங்குச் சென்றார், மாய்த்தவர் யாவர் என்று ஏட்டில் எழுதவேண்டும். உடலொன்றைக் கண்டால், கையிலுள்ள மாயக் கடிகாரம் அவர் இறந்த கணத்தை மட்டும் உறைந்த சிற்பம்போலக் காட்டும். அதற்கு முந்திய சில நொடிகளின் ஒலி கேட்கும். மேற்கொண்டு ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

படம் முழுவதும் பழைய மக்கின்ரொஷ் கணினியின் திரைபோலக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாலானது. முதலில் என் கண்ணுக்கு அது வறுமையாகப் பட்டது. ஒருவனுடைய பேச்சின் சாயல், அவன் இட்ட சப்பாத்து, உறங்கும் தூக்குமஞ்சத்திற் குறித்த இலக்கம், எவன் எவனோடு கூடியிருக்கின்றான் என்பது ஆகிய இவற்றைக்கொண்டே பெயரை உய்த்துணரவேண்டும். மூவரின் கதியைப் பிழையறக் கண்டாலன்றிச் 'சரி' என்ற சொல் வராது. ஆதலால் குருட்டூகம் பெரிதும் உதவாது. நான்கு முறை கண்ட காட்சியொன்றை ஐந்தாம் முறை நோக்கியபோது, அதன் ஓரத்தில், செத்தவனைப் பாராமல் வேறெங்கோ பார்த்து நிற்கும் ஒருவனைக் கண்டேன். கதிரையை விட்டு எழுந்தேவிட்டேன். அகப்பாட்டொன்றிற் கூற்று யாருடையது, கேட்போர் யார் என்பதைச் சொற்களை மட்டும் பற்றிக்கொண்டு துணியும் மாணவன் செய்வதும் இதுவேயன்றோ?

ஆசிரிய நண்பரொருவர் இதற்கு ஒரு தடை எழுப்பினார். நல்ல நூலைப் பலமுறை படிக்கின்றோம். ஒருமுறை விடுவித்தபின் இதனை மீள ஆடுவது எங்ஙனம் என்றார். தக்க தடையே. சிலநாள் விடையின்றியிருந்தேன். பின்னர், தாளிலிருந்த 'அவுற்றர் வைல்ட்ஸ்' என்பதைத் தொடங்கினேன். 2019 இல் வெளிவந்த அது, ஒரு மாணவரின் பட்டமேற்படிப்பு ஆக்கமாகத் தோன்றியது. சிறிய ஞாயிற்றுத் தொகுதியொன்றில் மரக்கலம்போன்ற விண்கலத்தில் உலாவுகின்றோம். 22 நிமிடத்தில் ஞாயிறு வெடித்து யாவும் அழிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றது. நம்மோடு எஞ்சுவது ஆயுதமன்று, பொருளன்று. முன்முறை அறிந்துகொண்டது மட்டுமே. வழி தெரிந்தவன் தொடங்கிய சிறிது நேரத்திலேயே முடிவிடத்தை அடையலாம். அவ்வழியை அறிவதுதான் விளையாட்டு. இத்தகையன விடுகதை போன்றவை. விடையறிந்தவனுக்கு விடுகதை முடிந்துபோகின்றது. ஆனால் அவனே அதனை விடை சொல்லாது அடுத்தவனிடம் கொண்டுசெல்கின்றான். யான் திணறுவதை அருகிருந்து பார்த்து, மருமகன் வாயைப் பொத்திக்கொண்டு நகைத்த மாலைப்பொழுதுகள் அவனுக்கு இரண்டாம் வாசிப்பாயின என்றே கருதுகின்றேன்.

சொல்லாலே ஆன விளையாட்டும் உண்டு. எஸ்தோனியாவில் தோன்றிய குழுவொன்று 2019 இல் வெளியிட்ட 'டிஸ்கோ எலிசியம்' பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டதென்பர். நினைவிழந்த துப்பறிவோன் ஒருவனின் உள்ளத்தே 24 ஆற்றல்கள் தனித்தனிக் குரலெடுத்து அவனோடு வாதாடுகின்றன. அதனை முதன்மையாக எழுதிய றொபேட் குர்விற்ஸ், அதே கற்பனையுலகை வைத்து 2013 இல் தம் மொழியில் எழுதிய நாவலை வாங்கியோர் சிலரே. விளையாட்டாய் வந்தபின் உலகெங்கும் அதைப் படித்தனர். பின்னர் அவர் அந்நிறுவனத்தினின்று பிரிய நேர்ந்தது வருந்தத்தக்கது. குடியும் வசைமொழியும் மலிந்தமையாற் கீழ்வகுப்பு மாணவர்க்கு ஆகாது. நடையும் இடையிடையே மிகைபடும். ஆயினும் நிற்கும்.

பெல்ஜிய நாட்டு லாரியன் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 3' 2023 இல் வெளிவந்து, பெரும் விருதுகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்றது. எனினும் அதன் சுவையிற் பாதி, 1974 இல் தோன்றி மேசையில் ஆடப்படும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதன் சுவை, வினாக்குறியிட்டு வைத்தேன். யப்பானியரின் 'எல்டன் ரிங்' (2022) தொடங்கியவுடன் வெளியிலே பொற்கவசக் குதிரைவீரனொருவன் உலாவுகின்றான். அவன் என்னை 17 முறை கொன்றான். அதன்மேற் கோடிட்டேன். இத்தீர்ப்பில் நடுவுநிலைமை குறைவென்று எவரேனும் கூறின் மறுக்கேன்.

இனி, அம்மாணவன் கேளாத ஒன்றைச் சொல்லவேண்டும். நல்லதாயிருத்தல் மட்டும் ஒரு நூலைக் காப்பதில்லை. வளையாபதியிற் சில பாடல்களே நம் கைக்கு வந்தன. அது தீய நூலென்பதாலா அழிந்தது? சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடியலைந்து 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார். தேடுவதற்கு அவருக்கு ஏடாவது இருந்தது. இன்றைய விளையாட்டுகள் பலவற்றுக்கு ஏடே ஆடுவோன் கையில் இல்லை. அவன் காசு கொடுத்துப் பெறுவது வாயிலின் திறவுகோல். வீடு நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கின்றது.

2014 இல் வந்த 'தி குறூ' என்னும் காரோட்டப் பந்தயத்தின் சேவையகத்தை யூபிசொவ்ற் நிறுவனம் 2024 மார்ச் 31 இல் நிறுத்தியது. தனித்து ஓட்ட விரும்பியவனுக்கும் அன்றோடு வழி அடைந்தது. ஆர்வலர் சிலர் தாமே உழைத்து மாற்றுச் சேவையகம் அமைத்து 2025 இல் அதனை மீட்டனர். இவர்களை ஏடு தேடியோர் மரபிற் சேர்க்க யான் தயங்கேன். விற்ற விளையாட்டை ஆடத்தக்க நிலையிலேயே விட்டுச்செல்லவேண்டுமென்று ஐரோப்பாவில் எழுந்த விண்ணப்பத்திற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். சோனியின் 'கொன்கோர்ட்' 2024 ஓகஸ்ட் 23 இல் வெளிவந்து, செப்ரெம்பர் 6 இல் மூடப்பட்டது. அதற்காக அழுதோர் மிகச் சிலர். ஆயினும் அது நன்றா தீதா என்பதை நாமே ஆடியறிதல் இனி எளிதன்று. 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றுள் 87 வீதமானவை கடையிற் பெறமுடியாதவை என்று, விளையாட்டு வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023 இல் அறிவித்தது.

பாடபேதமும் இங்கு உண்டு. 2004 இல் தொடங்கிய 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராவ்ற்' ஓயாது திருத்தப்பட்டுப் பழைய உருவை இழந்தது. பழையதே வேண்டுமென்று ஆடுவோர் நெடுங்காலம் வற்புறுத்த, நிறுவனம் 2006 ஆம் ஆண்டுப் படியை மூலமாகக் கொண்டு 2019 இல் மீள வெளியிட்டது. எந்த ஆண்டுப் படி மெய்யான மூலம் என்று அவர்கள் இட்ட வாதத்தைப் படித்தபோது, நம் பதிப்பாசிரியரின் முகவுரைகளே நினைவுக்கு வந்தன.

மாணவன் எழுதாத ஒன்றையும் யான் அத்தாளிற் சேர்த்தேன். ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023 யூலையில் வெளியிட்ட 'வெண்பா' அது. தமிழ்நாட்டிலிருந்து 1980களிற் கனடா சென்ற வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. தாய் கொடுத்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் மை கரைந்தும் கிடக்கின்றது. இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் இடுவது என்பன போன்ற விடுபட்ட வரிகளை நாமே உய்த்துணர்ந்து சமைக்கவேண்டும். சிதைந்த ஏட்டுக்குச் சொற் கூட்டும் வேலையையே ஒரு தமிழ்ப் பெண்ணின் அடுக்களையில் வைத்துவிட்டனர்! 2024 இல் பிரித்தானியாவின் 'பாவ்ரா' விருதுகளுள் முதலாக்கத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், புதிர்களும் எளியன. உலகம் இதனை ஒப்ரா டின்னோடு ஒரு நிரையில் வைக்குமென்று கூறேன். ஆயின் தாய் தமிழிற் பேச, மகன் ஆங்கிலத்தில் விடையிறுக்கும் இடத்தை, கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவருள் எத்தனை பேர் கண்கலங்காது கடப்பர்?

அவர்களிடமே ஒரு வேண்டுகோள். நம் நூல்நிலையத்தின் மூலையில் ஒரு கணினி வேண்டும், வலையிணைப்பு வேண்டாம். ஜீ.ஓ.ஜீ. என்னும் கடை பூட்டில்லாத படிகளை விற்கின்றது. ஒப்ரா டின், டிஸ்கோ எலிசியம், பால்டர்ஸ் கேட் 3 ஆகிய மூன்றும் அங்கு உள. மூன்றன் விலையும் நல்ல கிரிக்கெற் மட்டை ஒன்றின் விலையைத் தாண்டாது. உரிமை விதிகளை ஆராய்ந்து, தகுந்தவற்றை மேல்வகுப்பாருக்கு வைக்கலாம். ஒன்றை முடித்த மாணவன், அது நிற்குமா நில்லாதா என்று அருகிலுள்ள பதிவேட்டில் ஒரு பக்கம் தமிழில் எழுதவேண்டும். பிழைதிருத்தும் பொறுப்பை யான் ஏற்கின்றேன். கண்காட்சி அறைக்கு எதிராக உயர்த்திய கையை இவ்வகையிலேனும் கீழிறக்க விரும்புகின்றேன்.

தாளைத் திருப்பிக் கொடுக்க எண்ணியபோது அம்மாணவன் பரீட்சை எழுதிக் கல்லூரியை விட்டுவிட்டான். நான்கின் எதிரே சரி, இரண்டின் எதிரே வினாக்குறி, மூன்றின்மேற் கோடு, அடியில் 'வெண்பா' எனக் குறித்துத் தபாலில் அனுப்பினேன். ஒரு கிழமையில் மறுமொழி வந்தது. எல்டன் ரிங்கின்மேல் இட்ட கோட்டைத் தான் ஏற்கவில்லையாம். அந்தக் குதிரைவீரனைத் தொடக்கத்திலேயே எதிர்க்கக் கூடாதாம். சுற்றிப் போயிருக்கவேண்டுமாம், சேர்.