கரடியனாறு வெடிப்பு: காவல் இருந்தது, கேள்வி கேட்க யாரும் இருக்கவில்லை

2010 செப்டெம்பர் 17, வெள்ளிக்கிழமை. நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நண்பகலை அண்மித்த வேளையில் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் வெடித்தன. பொலிஸ் நிலையம் தரைமட்டமானது. முதலில் 60 பேர் வரை உயிரிழந்ததாகச் செய்திகள் வந்தன. பின்னர் அந்த எண்ணிக்கை 25 எனத் திருத்தப்பட்டது. இறந்தவர்களில் பலர் பொலிஸ் உத்தியோகத்தர்கள். வீதி அபிவிருத்திப் பணிக்கு வந்திருந்த சீனர்கள் இருவரும் அவர்களில் அடங்குவர். இது நாசவேலை அல்ல, விபத்து என்று அதிகாரிகள் அறிவித்தனர். அத்துடன் செய்தி பழையதாகிவிட்டது.

15 வருடங்கள் கடந்த பின்னர் இதை மீண்டும் எழுதக் காரணம் இருக்கிறது. 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலின் பின்னர் நமது உள்ளூராட்சி சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்திருக்கின்றன. வருட இறுதியில் சபைகள் வரவு செலவுத் திட்டம் போடும்போது வடிகான், வீதி விளக்கு, குப்பை, சந்தைக் கட்டடம் பற்றியெல்லாம் பேசுவார்கள். தீயணைப்பு பற்றிப் பேசுவது அரிது. பேசினாலும் "ஒரு தீயணைப்பு வாகனம் வேண்டும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கரடியனாறு நமக்குச் சொன்னது வாகனத்தைப் பற்றிய பாடம் அல்ல என்பதே என் கருத்து.

வெடிமருந்து ஏன் பொலிஸ் நிலையத்தில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வீதி வேலைக்குக் கருங்கல் உடைக்க வேண்டும், அதற்கு வெடிமருந்து வேண்டும். யுத்தம் முடிந்து ஒரு வருடம் சொச்சமே ஆன காலம். வெடிமருந்து தவறான கைகளுக்குப் போய்விடக் கூடாது என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. பொலிஸ் காவலில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். திருட்டைப் பொறுத்தவரை அந்த நினைப்பு சரிதான். ஆனால் திருட்டிலிருந்து காப்பது வேறு, தீயிலிருந்து காப்பது வேறு. முதலாவதற்கு, ஆட்கள் நிறைந்த, எந்நேரமும் கண்காணிப்பில் உள்ள இடம் நல்லது. இரண்டாவதற்கு, ஆட்களே இல்லாத, வீடுகளுக்கும் வீதிக்கும் தூரமான இடம் வேண்டும். கரடியனாற்றில் முதலாவது கேள்விக்கு மட்டுமே விடை தேடப்பட்டது. "இது பற்றிக்கொண்டால் என்ன ஆகும்?" என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்பதைத் தன் தொழிலாகக் கொண்ட ஒருவர் அந்தத் தீர்மானத்தில் பங்கெடுத்ததற்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் இன்றைய தீயணைப்புத் துறையின் முதல் வேலை. தீ எரிந்த பிறகு தண்ணீர் அடிப்பது அதன் கடைசி வேலை. நன்றாக இயங்கும் எந்தத் தீயணைப்புப் படையை எடுத்துக்கொண்டாலும், தன் எல்லைக்குள் எந்தக் களஞ்சியத்தில் என்ன இருக்கிறது, எந்தப் பக்கத்தால் உள்ளே போகலாம், தண்ணீர் எங்கே கிடைக்கும், எது எரிந்தால் கிட்டப் போகக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். அழைப்பு வந்ததும் வாகனத்தில் ஏறும் அதிகாரி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே போவார். இடத்துக்குப் போனதும் குழாயை இழுப்பதற்கு முன்னர் சுற்றிப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, உள்ளே ஆட்கள் உண்டா, எரிவது என்ன என்று கணக்கிடுவார். கட்டளை ஒருவரிடம் மட்டும் இருக்கும். உள்ளே போன ஒவ்வொருவரின் பெயரும் வெளியில் ஒருவரிடம் பதிவாகியிருக்கும்.

சில வேளைகளில் அந்த அதிகாரி எடுக்கும் சரியான முடிவு, அணைக்காமல் விடுவதாகவும் இருக்கும். வெடிபொருள் ஏற்றிய வாகனம் தீப்பற்றினால் செய்ய வேண்டியதை வட அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்தும் அவசரகால வழிகாட்டி நூல் தெளிவாகச் சொல்கிறது. தீ சரக்கைத் தொட்டுவிட்டால் அதனோடு போராடக் கூடாது. சுற்றிவர 1,600 மீற்றர் தூரத்துக்கு ஆட்களையும் வாகனங்களையும் அகற்றிவிட்டு எரிய விட வேண்டும். கரடியனாறு பொலிஸ் நிலையத்தை மையமாக வைத்து 1,600 மீற்றருக்கு ஒரு வட்டம் போட்டால் கடைகள், அலுவலகங்கள், வீடுகள், பதுளை வீதியின் போக்குவரத்து எல்லாம் அதற்குள் வந்துவிடும். இந்த ஒரு வட்டத்தை யாராவது முதல் நாளே வரைந்து காட்டியிருந்தால், அந்தக் கொள்கலன்களை அங்கே வைக்க மனம் வந்திருக்குமா?

இந்த அறியாமைக்கு உலகம் முழுவதும் தீயணைப்பு வீரர்களே முதலில் விலை கொடுத்திருக்கிறார்கள். 1944 ஏப்ரல் 14 இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றிய கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இந்தியா அந்த நாளைத்தான் தீயணைப்புச் சேவை தினமாக நினைவுகூருகிறது. 2013 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் களஞ்சியம் வெடித்து 15 பேர் இறந்தனர். அவர்களில் 12 பேர் உதவிக்கு ஓடியவர்கள். 2015 இல் சீனாவின் தியென்ஜின் துறைமுக வெடிப்பில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 173 பேர். அவர்களில் 104 பேர் தீயணைப்பு வீரர்கள். அந்த 104 பேரிலும் பெரும்பாலானோர் அரச தீயணைப்புப் படையினர் அல்லர், துறைமுகத்தின் சொந்தத் தீயணைப்புப் பிரிவில் இருந்தவர்கள்.

பெய்ரூத் நம் நினைவில் இன்னும் ஆறாத புண். 2020 ஆகஸ்ட் 4 ஆம் திகதி துறைமுகக் களஞ்சியத்தில் தீ என்று அழைப்பு வந்ததும் பெய்ரூத் தீயணைப்புப் படையின் 10 பேர் கொண்ட குழு விரைந்தது. உள்ளே 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அது அங்கே வருடக்கணக்காகக் கிடந்தது அதிகாரிகள் பலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் சொல்லவில்லை. போன பத்துப் பேரும் திரும்பவில்லை.

நமது நாட்டிலும் கரடியனாறு கடைசிச் சம்பவம் அல்ல. 2016 ஜூன் 5 ஆம் திகதி கொஸ்கம, சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்தபோது சுற்றுவட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் வீடுகளை விட்டு ஓட வேண்டியிருந்தது. அங்கேயும் கேள்வி அதேதான்: இவ்வளவு பெரிய களஞ்சியம் குடிமனைகளுக்கு இவ்வளவு பக்கத்தில் ஏன்?

இனி நமது பிரதேசத்துக்கு வருவோம். இலங்கையில் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. மட்டக்களப்பு, கல்முனை மாநகர சபைகளிடம் தீயணைப்புப் பிரிவுகள் உள்ளன. கரடியனாறோ செங்கலடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏறாவூர்ப்பற்று பிரதேச சபைக்குள் வருகிறது. அங்கே தீப்பிடித்தால் மட்டக்களப்பிலிருந்து வாகனம் ஏறாவூரைத் தாண்டி, செங்கலடிச் சந்தியில் திரும்பி, பதுளை வீதியால் உள்ளே போக வேண்டும். உறுகாமம் போன்ற கிராமங்களுக்கு இன்னும் தூரம். வைக்கோற்போரோ கூரையோ பற்றினால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இது கரடியனாற்று மக்களின் பிரச்சினை மட்டும் என்று ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் இருக்கும் நாம் நினைக்க முடியாது. நமது ஊர்களில் வீடுகளும் கடைகளும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. துணிக்கடைக்கு மேல் மாடியில் குடும்பம் இருக்கிறது. ஒழுங்கைக்குள் பெரிய வாகனம் திரும்ப இடமில்லை. 2021 இன் இறுதியில் நாடு முழுவதும் சமையல் எரிவாயு சிலிண்டர்கள் வெடித்தபோது எல்லோரும் பயந்தோம். அடுத்த வருட எரிபொருள் தட்டுப்பாட்டில் வீட்டுக்குள் கலன்களில் பெற்றோல் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? பயம் வந்தது, போனது. ஏற்பாடு மட்டும் வரவில்லை.

சபைகளிடம் பணம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் சொல்லப்போவதில் முதலாவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டப்படி வெடிமருந்து வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே எங்கே என்ன இருக்கிறது என்பது அரசாங்கக் கோப்பில் ஏற்கனவே இருக்கிறது. கல்லுடைக்கும் இடங்களின் வெடிமருந்துக் களஞ்சியம், எரிபொருள் நிலையம், எரிவாயுக் களஞ்சியம், கிருமிநாசினிக் கடை ஆகியவற்றின் பட்டியலில் ஒரு பிரதி கிட்டிய தீயணைப்புப் பிரிவின் மேசையில் இருக்க வேண்டும். பொலிஸும் பிரதேச செயலகமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஒரு கூட்டத்தில் அமர்ந்தால் முடிகிற காரியம் இது.

இரண்டாவது, சபைகள் கூடிச் செய்ய வேண்டியது. செங்கலடிச் சந்தி திருகோணமலை வீதியும் பதுளை வீதியும் சேரும் இடம். அங்கே ஒரு சிறிய தீயணைப்பு உபநிலையம் அமைந்தால் ஏறாவூரும் செங்கலடியும் கரடியனாறும் ஒன்றாகப் பயன்பெறும். ஏறாவூர் நகர சபை, ஏறாவூர்ப்பற்று பிரதேச சபை, மட்டக்களப்பு மாநகர சபை மூன்றும் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தமிழ் ஊரா முஸ்லிம் ஊரா என்று தீ கேட்பதில்லை. எல்லைத் தகராறுகளில் நேரத்தைச் செலவிட்ட நமது சபைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு இதைவிட நல்ல விடயம் கிடைக்காது.

மூன்றாவது, நாம் அதிகம் பேசாத விடயம்: அந்த வேலையைச் செய்யும் மனிதர்கள். ஒரு சபையின் சிறிய பிரிவில் சேரும் இளைஞனுக்கு மேலே ஏறப் படிகள் மிகக் குறைவு. இருபது வருடம் பணியாற்றினாலும் அவன் கற்றது அந்தப் பிரிவோடு நின்றுவிடும். தமிழ்நாட்டில் மாநிலம் முழுவதற்கும் ஒரே தீயணைப்பு மீட்புத் துறை இருக்கிறது. பதவி நிலைகள் உண்டு, இடமாற்றம் உண்டு. இந்திய அதிகாரிகள் மேற்பயிற்சிக்கு நாக்பூரிலுள்ள தேசிய தீயணைப்புக் கல்லூரிக்குப் போகிறார்கள். கிழக்கு மாகாணத்துக்கும் மாகாண மட்டத்தில் ஒரு பொதுச் சேவை, பொதுப் பயிற்சி, தெளிவான பதவி உயர்வு வேண்டும். சுவாசக் கருவி அணியவும், இரசாயனத் தீயை இனங்காணவும், கட்டடங்களைப் பரிசோதிக்கவும் தெரிந்தவருக்கு அதற்கேற்ற பதவியும் சம்பளமும் இருந்தால்தான் படித்த இளைஞர்கள் இதை ஒரு தொழிலாக ஏற்பார்கள். அனுமதி கேட்டு வரும் வர்த்தகரிடம் "இங்கே இதை வைக்க முடியாது" என்று சொல்லும் தைரியமும் அப்போதுதான் அந்த அதிகாரிக்கு வரும்.

நான்காவது, நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது. புகை எழுந்தால் கூட்டமாக ஓடிப்போய்ப் பார்ப்பது நமது பழக்கம். இப்போது கையில் தொலைபேசியும் இருப்பதால் இன்னும் கிட்டப் போகிறோம். பெய்ரூத்தில் சன்னலருகே நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்த பலர் கண்ணாடி சிதறியே காயப்பட்டார்கள். பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளில் "விலகிப் போங்கள், வீதியை விட்டுக் கொடுங்கள்" என்று உடனே அறிவிக்க ஓர் ஏற்பாடு இருந்தால் உயிர்கள் தப்பும். தீயணைப்புக்கு 110 என்ற இலக்கம் எத்தனை வீடுகளில் தெரியும் என்பதை இன்றே கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2010 இல் கரடியனாற்றில் உலகின் மிகச் சிறந்த தீயணைப்புப் படை நின்றிருந்தாலும், வெடித்த அந்தக் கணத்தில் அதனால் எதையும் தடுத்திருக்க முடியாது. தடுக்கக்கூடிய நேரம் அதற்கு முன்னர்தான் இருந்தது. கொள்கலன் வளவுக்குள் வந்த நாளில், அதை எங்கே வைப்பது என்று தீர்மானித்த அந்தச் சில நிமிடங்களில் இருந்தது. அந்த நிமிடங்களில் பேசும் உரிமையும் அறிவும் உள்ள ஒருவரை உருவாக்குவதற்குத்தான் சபைகள் பணம் ஒதுக்க வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் உங்கள் வட்டார உறுப்பினர் இதைப் பற்றி ஒரு கேள்வியாவது எழுப்புகிறாரா என்று கவனியுங்கள். எழுப்பாவிட்டால் நீங்களே அவரிடம் கேளுங்கள்.